வீட்டுக் கொல்லுலைக்கு வெப்பம் தாங்கும் லைனிங் பொருட்களை விற்பவர்களைத் தேடிக் கண்டடைவது எப்படி

எரிவாயுவில் இயங்கும் சிறு கொல்லுலை ஒன்றை வீட்டுப் பட்டறையில் அமைக்க முற்படுகிறவருக்கு வெளிக்கூடாக ஓர் இரும்பு உருளை எளிதில் கிடைத்துவிடும்; பர்னரும் கிடைத்துவிடும். வேலை தடைப்பட்டு நிற்பது பெரும்பாலும் உள்ளே வைக்கும் உறையில்தான். வெப்பத்தை வெளியே விடாமல் தேக்கிவைக்கும் அந்த உறையைத் தொழிலில் இருப்பவர்கள் லைனிங் என்றும், அதற்கான பொருட்களைப் பொதுவாக ரிஃப்ராக்டரி என்றும் சொல்கிறார்கள். இவை இரும்பாலை, கண்ணாடி ஆலை, சிமென்ட் ஆலை, பீங்கான் தொழிற்சாலை ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டு, உற்பத்தியாளரிடமிருந்து ஒப்பந்ததாரர் வழியாக நேரே அந்த ஆலைகளுக்குப் போய்ச் சேர்கின்றன. சில்லறைக் கடை அவற்றின் வழியிலேயே இல்லை. ஆகவே, கட்டுமானப் பொருள் விற்கும் கடைகளில் ஏறி இறங்கிச் சலிப்பதைவிட, அந்த ஆலைகள் யாரிடம் வாங்குகின்றனவோ அவர்களைத் தேடிப் போவதே சரியான வழி. அவர்களிடம் போகும்போது இன்ன பொருள், இன்ன தரம், இன்ன அளவு என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நாள்தோறும் பொறியாளர்களோடு பேசிப் பழகிய அவர்களால், "உலைக்கு ஏதாவது கொடுங்கள்" என்று மட்டும் கேட்பவருக்கு உதவ முடிவதில்லை.

கரியில் இயங்கும், துருத்தி வைத்த திறந்த உலைக்கு இந்தத் தேடல் வேண்டியதில்லை. அங்கே களிமண்ணும் மணலும் குழைத்துப் பூசுவதே காலங்காலமாகப் போதுமானதாக இருக்கிறது. இங்கே சொல்லப்படுபவை அனைத்தும் மூடிய எரிவாயு உலைக்கானவை.

கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

எஃகைக் காய்ச்சி அடித்து வடிவமைக்க ஏறத்தாழ 1000 முதல் 1250 டிகிரி செல்சியஸ் வரை சூடு தேவைப்படும். இரண்டு துண்டுகளைக் காய்ச்சி அடித்தே ஒட்டவைக்கும் வேலைக்கு 1300 டிகிரியை நெருங்க வேண்டியிருக்கும். பர்னரின் சுடர் நேராக மோதும் இடத்தில் லைனிங்கின் மேற்பரப்பு இதைவிடவும் சூடாகலாம். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால், கடைக்காரர் காட்டும் பல பொருட்களை உடனே ஒதுக்கிவிடலாம். "தீத்தடுப்பு" என்று அச்சிட்ட பலகைகளும் சீலண்டுகளும் கட்டடத்தில் தீப்பற்றினால் ஓரிரு மணி நேரம் தாக்குப்பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. நாள்தோறும் வெண்சூட்டில் நிற்பதற்கானவை அல்ல. கண்ணாடிக் கம்பளி உலைச்சூட்டை எட்டுவதற்கு வெகுமுன்பே உருகிவிடும். பாறைக் கம்பளியும் இந்த வெப்பத்துக்கு உரியதன்று. பெர்லைட் 900 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்குகிறது. கட்டடம் கட்டும் போர்ட்லண்ட் சிமென்ட் 500 டிகிரிக்குள் தன் பிணைநீரில் பெரும்பகுதியை இழந்து பொடியத் தொடங்கும். உள்ளே ஈரம் தங்கியிருந்தால் வெடித்துச் சிதறவும் செய்யும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸோடு மணல் கலந்து வார்க்கும் முறை எங்கும் பரவலாகச் சொல்லப்படுகிறது. பிளாஸ்டர் தன் நீரை 200 டிகிரிக்குள்ளாகவே இழந்து வலுவற்றுப் போகிறது. மணலில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரென விரிகிறது. இந்த இரண்டு குறைகளும் ஒன்றுசேர்ந்த கலவையை எஃகு காய்ச்சும் உலைக்கு நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்க வேண்டியவற்றுள் முதலாவது செராமிக் ஃபைபர் பிளாங்கெட். அலுமினாவும் சிலிகாவும் சேர்ந்த உருக்கை இழைகளாக்கி, ஊசியால் பின்னிப் போர்வைபோலச் சுருட்டி விற்கிறார்கள். வழக்கமாகக் கிடைக்கும் தடிமன் 25 மில்லிமீட்டரும் 50 மில்லிமீட்டரும். அகலம் 610 மில்லிமீட்டர். அடர்த்தி கன மீட்டருக்கு 64, 96 அல்லது 128 கிலோ. உலைக்கு 128 கிலோ அடர்த்தியையே கேளுங்கள். 96 கிலோவிலும் வேலை நடக்கும். 64 கிலோவுக்குரியது மிகவும் தளர்வானது. தரத்தைக் குறிக்கும் எண் 1260 அல்லது 1430 என்று இருக்கும். இரண்டாவதில் சிர்கோனியா சேர்க்கப்பட்டிருக்கும். சில உற்பத்தியாளர்கள் இதே தரத்தை 1400 அல்லது 1425 என்றும் எழுதுகிறார்கள்.

இந்த எண்ணைப் பற்றி ஒரு தவறான புரிதல் பலரிடம் இருக்கிறது. 1260 என்பது வகைப்பாட்டு வெப்பநிலை. அந்தச் சூட்டில் 24 மணி நேரம் வைத்தபின் பொருள் எவ்வளவு சுருங்குகிறது என்பதைச் சோதித்து, அந்தச் சுருக்கம் ஒரு வரம்புக்குள் இருந்தால் அந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். இடைவிடாமல் பயன்படுத்தக்கூடிய வெப்பநிலை அதைவிடக் குறைவு. வேறுபாடு பெரும்பாலும் நூறு டிகிரியை ஒட்டி அமையும். எனவே 1260 தரத்தை வெறுமனே விட்டால் ஒட்டும் வேலையின் சூட்டில் சுருங்கி, இணைப்புகளில் பிளவு விடும். மேலே காஸ்டபிள் எனப்படும், சிமென்ட்போலக் குழைத்துப் பூசும் வெப்பம் தாங்கும் கலவையைப் பூசினால் அதே பிளாங்கெட் நெடுநாள் உழைக்கும். விற்பவரிடம் இரண்டு எண்களையும் தனித்தனியாகக் கேட்பது இதனால்தான்.

பிளாங்கெட்டைத் தேர்ந்தெடுப்பதில் உடல்நலத்துக்கும் பங்குண்டு. அலுமினோ சிலிகேட் இழைகளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று 2பி பிரிவில் வைத்தது. 2002இலும் அதே பிரிவிலேயே அவை நீடித்தன. ஐரோப்பிய ஒன்றியம் இவற்றை இன்னும் கடுமையான 1பி பிரிவில் வைத்திருக்கிறது. நுரையீரலில் ஒப்புநோக்கில் விரைவாகக் கரையும் கால்சியம் மெக்னீசியம் சிலிகேட் இழைகள் இதற்கு மாற்றாக வந்தன. இவற்றை ஏ.இ.எஸ். கம்பளி என்பார்கள், சூப்பர்வூல், இன்சுல்ஃபிராக்ஸ் ஆகிய வணிகப் பெயர்களில் இவை கிடைக்கின்றன. 1200 தரமும் 1300 தரமும் உண்டு. கிடைக்குமிடத்தில் இதையே வாங்குங்கள் என்பதே என் கருத்து. கேயோவூல், ஃபைபர்ஃபிராக்ஸ் என்பவை பழைய வகை இழைக்கு நன்கு அறிமுகமான பெயர்கள். அவற்றுள் முதற்பெயரைப் பலர் எந்த பிளாங்கெட்டுக்கும் பொதுப்பெயராகவே சொல்லிவிடுவதால், கையில் வருவது எந்த வகை என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எந்த வகையானாலும் வெட்டும்போது பி100 அல்லது எஃப்எஃப்பி3 தரமுள்ள முகமூடியும் கண்ணாடியும் கையுறையும் அணிய வேண்டும். வெட்டி அமைத்தபின் இழைகள் பறக்காதபடி மேலே பூசி மூடிவிட வேண்டும்.

அடுத்தது செங்கல். தீச்செங்கல் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட பொருட்கள் விற்கப்படுகின்றன. புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். கனமான களிமண் தீச்செங்கல் அடியையும் உரசலையும் தாங்கும். ஆனால் வெப்பத்தைத் தானே உறிஞ்சிக்கொண்டு உலை சூடேறுவதைத் தாமதப்படுத்தும். நுண்துளைகள் நிறைந்த இலேசான காப்புச் செங்கலோ வெப்பத்தை விரைவில் திருப்பித் தரும்; ஆனால் எளிதில் உடையும், சூடும் குளிரும் மாறிமாறி வரும்போது விரிசல் காணும். காப்புச் செங்கல்லை 23, 26, 28, 30 என்ற எண்களால் வகைப்படுத்துகிறார்கள். நூறு பாரன்ஹீட் டிகிரி கணக்கில் அமைந்த இந்த எண்களின்படி 23 என்பது ஏறத்தாழ 1260 செல்சியஸ், 26 என்பது ஏறத்தாழ 1430, 28 என்பது ஏறத்தாழ 1540. உலையின் கதவுக்கும் பின்சுவருக்கும் 26ஆம் எண்ணே போதுமானது. 23ஐ விலை குறைவென்று வாங்கிச் சுடருக்கு நேரே வைத்தால் சில மாதங்களிலேயே மாற்ற நேரிடும்.

காஸ்டபிள் என்பது உயர் அலுமினா சிமென்ட்டோடு வெப்பம் தாங்கும் பொடிகளைக் கலந்த உலர்கலவை. நீர் ஊற்றிக் குழைத்து பிளாங்கெட்டின் மேல் ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய தடிமனில் பூசினால் இழைகள் வெளிவராது, குறடு பட்டாலும் பிய்யாது. காப்பு வகை, அடர்ந்த வகை என இதிலும் இரண்டு உண்டு. ஒட்டும் வேலையில் தூவும் வெண்காரம் உருகித் தரையில் வழியும்போது வெறும் பிளாங்கெட்டை வெந்நீர் சர்க்கரையைக் கரைப்பதுபோலக் கரைத்துவிடும், ஏ.இ.எஸ். கம்பளியும் இதற்கு விலக்கன்று. ஆகவே அந்த வேலை செய்கிறவர், அலுமினா மிகுந்த அடர்ந்த காஸ்டபிள் அல்லது பாஸ்பேட் பிணைப்புள்ள கலவையைத் தரைக்கு என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

இவற்றோடு இரண்டு துணைப்பொருட்கள். பிளாங்கெட்டின் இழைகளை விறைப்பாக்கும் கூழ்மச் சிலிகா ஒன்று. உட்புறத்தின் மேல் கடைசியாகப் பூசும், சிர்கோனியம் சிலிகேட் போன்றவை அடங்கிய மெல்லிய பூச்சு மற்றொன்று.

அளவைக் கணக்கிட்டு எழுதிக்கொள்ளுதல்

விற்பவரிடம் போவதற்கு முன் தாளில் கணக்குப் போட்டுவிட வேண்டும். உட்புற விட்டம் 300 மில்லிமீட்டரும் நீளம் 350 மில்லிமீட்டரும் கொண்ட ஓர் உருளையை எடுத்துக்கொள்வோம். 25 மில்லிமீட்டர் பிளாங்கெட்டை இரண்டு அடுக்காக வைப்பதானால் முதல் அடுக்குக்குச் சுற்றளவு 942 மில்லிமீட்டர், இரண்டாவதற்கு 785 மில்லிமீட்டர், மொத்தம் 1727. 610 அகலமுள்ள சுருளில் 350 போக 260 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நீண்ட துண்டு மிஞ்சும். உள்ளே எஞ்சும் அறையின் விட்டம் 200 மில்லிமீட்டர்தான் என்பதால், பின்சுவருக்கான வட்டங்களை அந்த மிச்சத் துண்டிலேயே வெட்டிக்கொள்ளலாம். ஆக, ஒன்றே முக்கால் மீட்டர் பிளாங்கெட் போதும். வெட்டும் பிழைக்கு இடம் வைத்து இரண்டு மீட்டர் கேட்கலாம். முழுச் சுருளோ ஏழு மீட்டருக்கு மேல் நீளமுள்ளது. அதில் இத்தகைய உலைகள் நான்கைச் செய்துவிடலாம். உள்ளே 12 மில்லிமீட்டர் தடிமனில் காஸ்டபிள் பூச, காப்பு வகையானால் ஏறத்தாழ 4 கிலோவும் அடர்ந்த வகையானால் ஏறத்தாழ 6 கிலோவும் பிடிக்கும். மூட்டையோ பெரும்பாலும் 25 கிலோ.

இந்த இடைவெளியே இத்தேடலின் நடைமுறைச் சிக்கல் முழுவதற்கும் காரணம். நமக்கு வேண்டியது சிறிது. அவர்கள் விற்பது பெரிது. உலை அமைக்க விரும்பும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு சுருளும் ஒரு மூட்டையும் வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் எந்த விற்பனையாளரின் வாசலும் திறந்துவிடும். தனியாக வாங்குவதானால் வெட்டித் தருபவர்களைத் தேட வேண்டும்.

எங்கே தேடுவது

எனக்கு மிகுந்த பயன் தந்த வழி, சூளை வைத்திருப்பவர்களிடம் போய்க் கேட்பது. எங்கெல்லாம் தொடர்ந்து நெருப்பு எரிகிறதோ அங்கெல்லாம் லைனிங் தேய்கிறது; தேய்ந்ததை மாற்ற யாரோ ஒருவர் வருகிறார். வார்ப்பாலை, கொதிகலன் வைத்திருக்கும் ஆலை, எஃகுக்குப் பதம் ஏற்றும் பட்டறை, கண்ணாடிக் கலைஞரின் கூடம், பீங்கான் தொழிற்சாலை, எரிவாயுத் தகனமேடை ஆகியவற்றின் பராமரிப்புப் பொறுப்பாளரிடம், "உங்கள் உலையின் லைனிங்கை யார் மாற்றித் தருகிறார்கள், பொருள் யாரிடம் வாங்குகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அவர் சொல்லும் பெயர், இணையத்தில் மணிக்கணக்காகத் தேடினாலும் முதற்பக்கத்தில் வராத பெயராக இருக்கலாம். லைனிங் வேலை செய்யும் ஒப்பந்ததாரரிடம் ஒவ்வொரு வேலை முடிந்ததும் அரைச் சுருளும் வெட்டுத் துண்டுகளும் மிஞ்சுகின்றன. அடுத்த வேலைக்கு அளவு பொருந்தாததால் கிடங்கில் அவை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். ஆண்டுப் பராமரிப்புக்காக ஆலை மூடப்படும் காலத்தை ஒட்டிக் கேட்டால் இத்தகைய மிச்சம் கிடைக்க வாய்ப்பு மிகுதி. நமக்கு வேண்டியது இரண்டு மீட்டர்தான் என்பதால், அவர் மிச்சம் என்று நினைப்பது நமக்கு முழு உலை.

உற்பத்தியாளரை நேரடியாக அணுகுவதும் வீண்போவதில்லை. அவர்கள் தனி ஒருவருக்கு விற்பது அரிது. ஆனால் தங்கள் விநியோகஸ்தர்களின் பட்டியலை இணையதளத்தில் போட்டிருப்பார்கள், அல்லது கேட்டால் சொல்வார்கள். ரிஃப்ராக்டரி விநியோகஸ்தரிடம் போனால் ஒரே இடத்தில் பிளாங்கெட், செங்கல், காஸ்டபிள், அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் ஆங்கர் எல்லாம் கிடைக்கும். தரத்தைப் பற்றிய ஐயமும் குறைவு. குறைந்தபட்சக் கொள்முதல் அளவுதான் அங்கே தடை. உள்ளூரில் எவரும் அகப்படாதபோது இறக்குமதியாளர் வழியாகத் தேடலாம். பன்னாட்டுச் சுங்க வகைப்பாட்டில் வெப்பம் தாங்கும் செங்கற்களுக்குத் தலைப்பு எண் 6902, காஸ்டபிள், மார்ட்டார் போன்ற கலவைகளுக்கு 3816. இந்த எண்களைச் சொல்லித் தேடினால் பெயர் வேறுபாடுகளால் வரும் குழப்பம் நீங்கும்.

மட்பாண்டக் கலைஞர்களுக்குப் பொருள் விற்கும் கடையைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சிறு சூளை வைத்திருப்போர் ஒன்றிரண்டு செங்கல் மாற்றுவது வழக்கமாதலால், இத்தகைய கடைகள் காப்புச் செங்கல்லை ஒற்றைக் கணக்கிலும், பிளாங்கெட்டை வேண்டிய நீளத்துக்கு வெட்டியும் தருகின்றன. மேலும், பளிங்குப் பூச்சை வெண்மையாக்க அவர்கள் பயன்படுத்தும் சிர்கோனியம் சிலிகேட் பொடிதான் நம் உலையின் உட்பூச்சுக்கும் அடிப்படை. அதைப் பிணைக்க வேண்டிய கயோலினும் பென்டோனைட்டும் அதே அலமாரியில் இருக்கும். சூளைக்குள் பாண்டங்களை அடுக்கும் தட்டுகளில் உயர் அலுமினா வகையைக் கேட்டு வாங்கி உலையின் தரையில் போட்டால், வெண்காரத்தின் தாக்குதல் முழுவதையும் அது ஏற்றுக்கொள்ளும். கெட்டபின் அதை மட்டும் மாற்றிவிடலாம். விரிசல் விட்ட பழைய தட்டு இந்த வேலைக்கு நன்றாகவே உதவும். கார்டியரைட் தட்டு மலிவானது. ஆனால் ஒட்டும் வேலையின் சூட்டில் அது தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது.

வார்ப்புத் தொழிலுக்குப் பொருள் விற்பவர்களிடம் காஸ்டபிளும் இடித்து இறுக்கும் கலவைகளும் கிடைக்கும். மெழுகு வார்ப்பில் செராமிக் ஓடு கட்டுவதற்குக் கூழ்மச் சிலிகாவையே பிணைப்பாகப் பயன்படுத்துகிறார்கள். ஆகையால் வேறெங்கும் அகப்படாத அந்தத் திரவத்தை இவர்களிடம் கேட்கலாம். கத்தி செய்வோருக்கென நடத்தப்படும் கடைகள் உலை ஒன்றுக்குப் போதுமான பிளாங்கெட், விறைப்பான், காஸ்டபிள் ஆகியவற்றைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி விற்கின்றன. கிலோ கணக்கில் பார்த்தால் விலை கூடுதல்தான். ஆயினும் மீதமாகி வீணாகும் முக்கால் மூட்டையின் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டால், முதல் உலை கட்டுகிறவருக்கு அது நட்டமல்ல. விறகு அடுப்பும் கணப்பும் விற்கும் கடைகளில் வெர்மிகுலைட் பலகையும் மெல்லிய கனச் செங்கல்லும் கிடைக்கும். கனச் செங்கல்லைக் கதவுக்கு வைத்துக்கொள்ளலாம். பலகை எஃகு உலையின் சூட்டுக்கு ஆகாது.

இணையச் சந்தைகளில் வாங்குவதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே "1260" என்ற ஒற்றை எண்ணைத் தவிர வேறெதுவும் இல்லாத பக்கங்களே மிகுதி. அடர்த்தி, உற்பத்தியாளர் பெயர், இழையின் வகை ஆகிய மூன்றும் குறிப்பிடப்படாத பொருளை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். காப்புச் செங்கல் வழியில் உடைந்து வருவது சாதாரணமாதலால், உடைந்தால் மாற்றித் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். கூழ்மச் சிலிகா ஒருமுறை உறைந்துவிட்டால் கட்டிதட்டிக் கெட்டுவிடும். மீண்டும் இளக்கினாலும் பழைய நிலைக்கு வராது. கடுங்குளிர் உள்ள இடங்களில் அதைக் குளிர்காலத்தில் வரவழைக்கக் கூடாது.

பழைய பொருளைப் பொறுத்தவரை செங்கல்லுக்கு ஒரு நியதி, பிளாங்கெட்டுக்கு வேறு நியதி. கைவிடப்பட்ட மின்சூளையைப் பிரித்தெடுத்த காப்புச் செங்கல், உதிராமலும் பளிங்கு படியாமலும் இருந்தால் வாங்கலாம். பயன்படுத்திய பிளாங்கெட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. உயர் சூட்டில் நெடுநேரம் இருந்த இழையில் கிரிஸ்டோபலைட் என்னும் படிகச் சிலிகா உண்டாகிறது. சுவாசத்தில் போகும் படிகச் சிலிகா மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி உறுதிப்பட்டது. பழைய உலைகளிலிருந்து வரும் சாம்பல் நிறப் பலகைகளிலும் கயிறுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தொடவே வேண்டாம்.

விற்பவரிடம் பேசும் முறை

முதல் மடலிலோ தொலைபேசியிலோ எல்லா விவரங்களையும் ஒருசேரச் சொல்லிவிடுவது நல்லது. எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்: "வணக்கம். புரொபேன் எரிவாயுவில் இயங்கும் சிறு கொல்லுலை ஒன்றுக்கு லைனிங் பொருள் தேவைப்படுகிறது. வேலை செய்யும் வெப்பநிலை 1250 டிகிரி செல்சியஸ். சிற்சில வேளைகளில் 1300. 25 மில்லிமீட்டர் தடிமனும் 128 கிலோ அடர்த்தியும் கொண்ட பிளாங்கெட் இரண்டு மீட்டர் வேண்டும். வெட்டுத் துண்டாகவோ மிச்சச் சுருளாகவோ இருந்தாலும் போதும். வெண்காரத்தைத் தாங்கும் காஸ்டபிள் 6 கிலோ வேண்டும். தொழில்நுட்ப விவரத்தாளையும் பாதுகாப்பு விவரத்தாளையும் அனுப்பிவைக்க வேண்டுகிறேன்." இத்தகைய மடலைப் படிப்பவருக்கு, கேட்பவர் விவரம் அறிந்தவர் என்பது புரியும். பொருள் இல்லாவிட்டாலும் யாரிடம் இருக்கும் என்று சொல்லிவிடுவார்.

விவரத்தாளைத் தருகிறாரா என்பதே விற்பவரை எடைபோட நான் கொள்ளும் முதல் அளவுகோல். தொழில்நுட்ப விவரத்தாளில் வகைப்பாட்டு வெப்பநிலை, தொடர் பயன்பாட்டு வெப்பநிலை, அடர்த்தி, சூட்டில் சுருங்கும் விழுக்காடு, வேதிக்கலவை ஆகியவை இருக்க வேண்டும். 1430 தரம் என்று சொல்லப்படும் பிளாங்கெட்டின் வேதிக்கலவையில் சிர்கோனியா குறிப்பிடத்தக்க அளவில் இல்லையென்றால் விளக்கம் கேளுங்கள். பாதுகாப்பு விவரத்தாள் 16 பகுதிகளைக் கொண்டது. இழை எந்த வகையைச் சேர்ந்தது, எந்த முகமூடி அணிய வேண்டும் என்பவற்றை அதில் காணலாம். காஸ்டபிளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி: எந்த மாதம் தயாரிக்கப்பட்டது? அதில் உள்ள சிமென்ட் காற்றின் ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் வலுவிழப்பதால், மூட்டைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையே ஆயுள். தயாரிப்பு நாள் அச்சிடாத மறுபொட்டலம் ஒன்றை நான் ஒருமுறை வாங்கினேன். குழைக்கும்போது சிறு கட்டிகள் தென்பட்டும் பூசிவிட்டேன். மூன்றாம் முறை சூடேற்றியபோது கூரைப்பகுதி தகடு தகடாக உரிந்து விழுந்தது. முழு லைனிங்கையும் பிரித்து மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. அதன்பின், நாள் தெரியாத காஸ்டபிளை வாங்குவதில்லை.

வந்த பொருளைச் சோதித்தல்

தராசு ஒன்று இருந்தால் பெரும்பாலான ஏமாற்றங்களைக் கண்டுபிடித்துவிடலாம். 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாங்கெட் 128 கிலோ அடர்த்தியானால் சதுர மீட்டருக்கு 3.2 கிலோ எடையும், 96 கிலோவானால் 2.4 கிலோ எடையும் இருக்கும். 610 அகலமும் 7.32 மீட்டர் நீளமும் கொண்ட முழுச் சுருள் முதல் அடர்த்தியில் 14 கிலோவைச் சற்றே தாண்டும்; 11 கிலோவை ஒட்டியே நின்றால் வந்திருப்பது 96. தடிமனை அளக்கும்போது பிளாங்கெட்டை அழுத்தாமல் அளக்க வேண்டும். செங்கல்லும் அப்படியே: 230, 115, 75 மில்லிமீட்டர் அளவுள்ள கனச் செங்கல் 4 கிலோவை ஒட்டி இருக்கும், காப்புச் செங்கல் ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் கிலோவுக்குள் அடங்கும், சாதாரண ரம்பத்தால் அறுபடும். காஸ்டபிள் மூட்டையைத் தட்டிப் பார்த்தால் பொடி உதிர்வாக அசைய வேண்டும். மூலைகள் கல்லாக இறுகியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பிளாங்கெட்டின் சிறு துண்டொன்றை வெட்டி, அதன் நீளத்தைக் குறித்துக்கொண்டு, பர்னரின் சுடர் முன் செங்கல்மேல் வைத்து மஞ்சள் வெண்மையாகும் வரை காய்ச்சி ஆறவிட்டு மீண்டும் அளப்பது இன்னொரு சோதனை. முகமூடி அணிந்து, திறந்த வெளியில் செய்ய வேண்டும். நல்ல 1260 தரம் 100 மில்லிமீட்டருக்குச் சில மில்லிமீட்டரே சுருங்கும். துண்டு உருகி உருண்டாலோ பாதியாகச் சுருங்கினாலோ கையில் இருப்பது பாறைக் கம்பளி அல்லது அதற்கு நிகரான வேறொன்று. அதை உலைக்குள் வைக்க வேண்டாம்.

எஞ்சிய காஸ்டபிளைக் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து, தயாரிப்பு நாளை மேலே எழுதி, தரையில் படாமல் பலகைமேல் வைக்க வேண்டும். லைனிங் எத்தனை நன்றாக அமைந்தாலும் தேயும் பொருளே. தரையை முதலிலும் கூரையைப் பிறகுமாக மாற்ற நேரும். அப்போது பழைய தேடலை மறுபடி தொடங்காமல் இருக்க, பிளாங்கெட்டின் பெயர், தரம், அடர்த்தி, காஸ்டபிளின் பெயர், மூட்டைக்கு ஊற்றிய நீரின் அளவு, வாங்கிய நாள், விற்றவர் ஆகியவற்றை ஒரு தகரத் துண்டில் ஆணியால் கீறி உலைக் காலின் உட்புறத்தில் கட்டி வைத்திருக்கிறேன். தாளில் எழுதியவை பட்டறையில் நிலைப்பதில்லை.